அபராதம் கட்டியாச்சு... அப்புறம்?

"விடுக்கா... அதான் கட்டியாச்சுல்ல!"

கோர்ட்டு வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என் தம்பி சொன்ன வார்த்தை இது. ஏதோ கரண்ட் பில் கட்டிவிட்டு வந்தவன் மாதிரி சொன்னான். கட்டின பணம் 15,000 ரூபாய். அது என் சீட்டுப் பணம். மகள் படிப்புக்கென்று பத்து மாசமாகச் சேர்த்தது. பணம் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை சகோதரிகளே, அந்த 'கட்டியாச்சுல்ல' இருக்கிறதே, அது முள்ளாக நெஞ்சில் நின்றுவிட்டது.

தம்பி அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறான். சொந்தமாகக் 'குட்டி யானை' வண்டி. எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைத் திருச்சி மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போவான். வெங்காயம் இல்லாத நாளில் சிமென்ட் மூட்டை. இரண்டு குழந்தைகள். இதை எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "எழுதுக்கா, பேரை மட்டும் போட்டுடாத" என்றான். அதனால் பேர் இல்லை.

முதல் தடவை மாட்டியது 2023 ஆவணியில். ராத்திரி டூ வீலரில் வரும்போது ஊதச் சொல்லியிருக்கிறார்கள். மிஷின் காட்டிக் கொடுத்துவிட்டது. அபராதம் 10,000. தம்பி பெண்டாட்டி காதில் கிடந்த தோட்டை அடகு வைத்துக் கட்டினாள். எனக்குச் சொல்லவே இல்லை. வெறுங்காதோடு ஒரு கல்யாணத்துக்கு வந்தாள். "திருகு தேய்ஞ்சு போச்சு அண்ணி, ஆசாரிகிட்ட குடுத்திருக்கேன்" என்றாள். நானும் நம்பினேன்.

இரண்டாம் தடவைதான் விசேஷம். 2024 மாசி மாசம். அன்றைக்கு அவன் ஒரு சொட்டு குடிக்கவில்லை! விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, விபூதி பூசிக்கொண்டு வண்டியை எடுத்தவன், ரோட்டோரம் நின்ற வண்டியில் இடித்துவிட்டான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்தச் சாமி புண்ணியம். போலீஸ் வந்து ஊதச் சொன்னதும், "நேத்து ராத்திரி குடிச்சதுக்கு இன்னைக்கு எப்படி சார் கேஸு?" என்று சண்டை போட்டிருக்கிறான்.

எனக்கும் அப்போது அதே சந்தேகம்தான். பிறகு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டு ஆண்களுக்கும் இது தெரிந்திருக்காது.

சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு அது. ஒரு குவார்ட்டர் பிராந்தி என்பது 180 மில்லி. அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பங்கு சாராயம். அதாவது சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். அறுபது கிலோ எடையுள்ள ஆள் அதை ஒரே மூச்சில் குடித்தால் ரத்தத்தில் 150 மில்லி கிராம் வரை ஏறும். நம் ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம்தான் குறைக்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். இப்போது கணக்குப் போடுங்கள். ராத்திரி 11 மணிக்குக் குடித்தவனுக்கு விடியற்காலை 5 மணிக்கு இன்னும் 60 இருக்கும், சட்டம் சொல்லும் அளவைப்போல் இரண்டு பங்கு! முப்பதுக்கு இறங்க ஏழு மணி ஆகும். முழுசாக இறங்க ஒன்பது மணி. அதுவும் ஒரு குவார்ட்டரோடு நிறுத்தியிருந்தால்.

எலுமிச்சம்பழச் சாறு, மோர், கடுங்காப்பி, தலைக்குத் தண்ணீர் என்று நாமும் என்னென்னமோ செய்து பார்க்கிறோம். ஈரலின் வேகத்தை இதில் எதுவும் கூட்டாது. ஏலக்காயும் பாக்கும் வாயில் போட்டால் வாசனை மாறும், அவ்வளவுதான். மிஷின் பார்ப்பது வாசனையை அல்ல, நுரையீரலிலிருந்து வரும் காற்றை.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். நானும் கூடப் போயிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. தம்பி முறை வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்றார்கள். ஆமாம் என்றான். அபராதம் சொன்னார்கள். கட்டினோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே நின்ற கூட்டத்துக்கு அந்த ஐந்து நிமிஷமே அதிகம். ஆனால், "ஏம்ப்பா, ஏழு மாசத்துக்குள் இரண்டாம் தடவை வந்திருக்கிறாயே, வாரத்துக்கு எத்தனை நாள் குடிக்கிறாய்? காலையில் கை நடுங்குகிறதா?" என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. அதைக் கேட்பது அவர்கள் வேலையாக வைக்கப்படவில்லை.

2019-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், மறுபடி செய்தால் 15,000 அல்லது இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டும் என்று ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் இந்த உயர்ந்த அபராதம் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸையும் குறைந்தது மூன்று மாசம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே சொல்லிவிட்டது. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். குடித்தவர் ஓட்டும் வண்டியில் தெரிந்தே பின்னால் உட்காருகிறவர் மேலும் வழக்கு என்று சென்னை போக்குவரத்துப் போலீசார் அதே 2022-ல் அறிவித்தார்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, 'இவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது' எனத் தயங்கி ஏறுகிற பெண்களுக்காகச் சொல்கிறேன். போலீசுக்காக இல்லை, மடியில் இருக்கிற உயிருக்காக. 2022-ஆம் வருஷம் மட்டும் ரோட்டில் செத்தவர்கள் நாடு முழுவதும் 1,68,491 பேர். நம் தமிழ்நாட்டில் 17,884. எல்லாமே குடியால் இல்லை. ஆனால், தடுத்திருக்கக்கூடிய சாவு என்று பார்த்தால் குடியால் வருவதைத்தானே முதலில் சொல்ல வேண்டும்?

கடையைத் தள்ளி வைத்தும் பார்த்தார்கள். நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் சுப்ரீம் கோர்ட் 2016 டிசம்பர் 15-ல் தீர்ப்புச் சொன்னது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றார்கள். சின்ன ஊர்களுக்கு அதைப் பிறகு 220 மீட்டர் ஆக்கினார்கள். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. திருச்சி - சென்னை ரோட்டின் மேலேயே இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது கண்ணால் பார்த்த சங்கதி. அந்த ஜூலையிலேயே, நகராட்சி எல்லைக்குள் இது பொருந்தாது என்று விளக்கமும் வந்தது. கடை உள்ளே தள்ளிப் போனது. வண்டியும் உள்ளே போய்த் திரும்பி வந்தது! என் வீட்டுக்காரர் சொல்வார், "எறும்புக்குச் சக்கரை டப்பாவைப் பரண் மேல வெச்ச மாதிரி" என்று.

என் மகள் திருச்சியில் சட்டம் படிக்கிறாள். மாமா கதையைக் கேட்டுவிட்டு அவள்தான் ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் இதற்கென்றே தனிக் கோர்ட் இருக்கிறதாம்! 1989-ல் மயாமி நகரில் போதைப்பொருள் வழக்குகளுக்காக இப்படி ஒரு சிகிச்சைக் கோர்ட்டை முதலில் ஆரம்பித்தார்கள். 1995-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களுக்கென்று ஒன்று வந்தது. இப்போது அந்த நாட்டில் பல மாநிலங்களில் இருக்கிறது.

அங்கே நடப்பதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஜட்ஜ், அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், கண்காணிப்பு அதிகாரி, சிகிச்சை தருபவர் என்று எல்லோரும் ஒரே குழுவாக உட்காருகிறார்கள். ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஆள் ஜட்ஜ் முன்னால் வந்து நிற்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். காலில் ஒரு கருவி மாட்டுவதும் உண்டு, வியர்வையிலேயே சாராயத்தைக் கண்டுபிடித்துவிடும். வண்டியில் ஒரு கருவி பொருத்துவார்கள். ஊதினால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகும், மூச்சில் சாராயம் இருந்தால் ஆகாது. கூடவே கட்டாய சிகிச்சை. ஒழுங்காக இருந்தால் ஜட்ஜே கோர்ட்டில் எல்லோர் முன்னாலும் பாராட்டுவார். பொய் சொன்னால் சில நாள் ஜெயில். இப்படி ஒரு வருஷத்துக்கும் மேல்.

பலன் உண்டா? ஜார்ஜியா மாநிலத்தில் மூன்று கோர்ட்டுகளை எடுத்துக்கொண்டு நாலு வருஷம் கவனித்திருக்கிறார்கள். இந்தக் கோர்ட்டுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 15 பேர் மறுபடி மாட்டினார்கள். சாதாரணக் கோர்ட்டுக்குப் போனவர்களில் 35 பேர் வரை மாட்டினார்கள். எல்லாரும் திருந்திவிடவில்லை, கவனியுங்கள். செலவும் அதிகம், ஆள் பலம் வேண்டும். அங்கேயும் சில ஊர்களில் சரியாக நடக்கவில்லை என்று சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே பெரும்பாலான இடங்களில் ரத்தத்தில் 80 மில்லி கிராம் வரை விட்டுவிடுகிறார்கள். நாம் 30-லேயே பிடிக்கிறோம். பிடிப்பதில் நாம்தான் கெட்டி. பிடித்த பிறகு?

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஹைதராபாத்தில் பல வருஷமாக ஒரு வழக்கம் உண்டு. குடித்து ஓட்டி மாட்டினவரைக் கோர்ட்டுக்கு அனுப்பும் முன்னால் போக்குவரத்துப் போலீசின் பயிற்சி நிலையத்துக்கு வரச் சொல்லி, உட்கார வைத்துப் புத்தி சொல்வார்கள். தனியாக வர முடியாது. அப்பா அம்மாவோ மனைவியோ கூட வர வேண்டும்! இதைக் கேட்டதும் எனக்குப் பாதி சந்தோஷம், பாதி கோபம். குடித்தது அவன், தலை குனிந்து உட்காருவது இவளா? ஆனாலும் யோசித்துப் பார்த்தால், வீட்டுக்குத் தெரியாமல் தோட்டை அடகு வைத்து மூடி மறைக்கிற வேலை அங்கே நடக்காது.

1958-லேயே வந்த நன்னடத்தைச் சட்டம் ஒன்று இருக்கிறது. குற்றவாளியை ஜெயிலுக்கு அனுப்பாமல், நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் விடலாம். போதை வஸ்துக்களைத் தொடக் கூடாது என்று கோர்ட் நிபந்தனையே போடலாம் என்று அதில் எழுதியிருக்கிறது என மகள் படித்துக் காட்டினாள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்கிறவருக்குச் சமூக சேவையைத் தண்டனையாகத் தரலாம் என்றும் வந்திருக்கிறது. ஆக, வழி இருக்கிறது. வாரா வாரம் கேட்பதற்கு ஒரு ஆள்தான் இல்லை.

இந்த இடத்தில் ஒரு அம்மாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சாந்தி ரங்கநாதன். சென்னையில் பெரிய டி.டி.கே. குடும்பத்து மருமகள். பணத்துக்குக் குறைவில்லை. கணவர் குடிநோயால் 1979-ல் இறந்துபோனார். சின்ன வயசிலேயே தனியாகிப் போன அவர், வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் மறு வருஷமே, 1980-ல், கணவர் பேரில் குடிநோய்க்கென்று ஒரு சிகிச்சை நிலையம் ஆரம்பித்தார். 1992-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குடிப்பவருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்தே அங்கே ஆலோசனை தருகிறார்கள். எண்பதுகளின் கடைசியில் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டு சிகிச்சை தர ஆரம்பித்தார்கள். கும்பகோணத்துக்கு அப்பால், எங்களுக்கு ரொம்பத் தூரமில்லாத ஊர். பட்டணத்துக்குப் போக வசதியில்லாத கூலிக்காரர்கள் சொந்த மண்ணிலேயே படுத்து எழுந்தார்கள்.

பணக்கார வீட்டிலும் இதே நோய்தான், குடிசையிலும் இதே நோய்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தம்பியை நான் 'திமிர் பிடித்தவன்' என்றே நினைத்திருந்தேன்.

நானும் தம்பி பெண்டாட்டியும் உட்கார்ந்து பேசினோம். "அண்ணி, காலைல எழுந்திரிக்க முடியாம கெடப்பாரு. லோடு ஏத்தறவங்க போன் பண்ணா, காய்ச்சல்னு நான்தான் பொய் சொல்லுவேன்" என்று அழுதாள். நான் மட்டும் என்ன? சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்தானே! அவன் மேலும் ஏழு மாசம் குடித்து ஓட்டுவதற்கு நான் கட்டின சந்தா அது.

அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் கூட்டிப் போனோம். போவதற்கு முன்னால் நாங்கள் செய்யப் பார்த்த இரண்டு முட்டாள்தனங்களைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, வீட்டில் பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்று நினைத்தது. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து பிதற்றுவார்கள். உயிருக்கே ஆபத்து. டாக்டர் மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 ஊசி போட்டுப் பக்குவமாகத்தான் நிறுத்துவார்.

இரண்டாவது, 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் வருகிறதே, அந்தப் பொடி. வாங்க நானே போனேன். பார்த்தவுடன் டாக்டர் போட்டார் ஒரு சத்தம்! குடியை வெறுக்க வைக்கும் மாத்திரை உண்டு. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கும். இதய நோய் உள்ளவர் செத்தே போகலாம். அதனால் நோயாளி தெரிந்து, சம்மதித்து, சோதனை எல்லாம் செய்த பிறகுதான் டாக்டர் தருவார். பொடியில் என்ன கலந்திருக்கிறதோ, யார் கண்டது!

தம்பி உள்நோயாளியாகப் பத்து நாள் இருந்தான். மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூரான் ஊர்கிறது என்று கத்தினான். தம்பி பெண்டாட்டி கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ தேவைப்பட்டால் 14446 என்ற நம்பருக்கு இலவசமாகக் கூப்பிடலாம்; போதை மறுவாழ்வுக்கென்று உள்ள தேசிய நம்பர். மனநல உதவிக்கு 14416, தமிழ்நாட்டு மருத்துவ உதவிக்கு 104. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனாக இருந்தால் சிகிச்சையெல்லாம் பிறகு, முதலில் 181. தமிழ்நாடு அரசு 2025 தொடக்கத்தில் 'கலங்கரை' என்ற பேரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே மகள் ஒரு யோசனை சொன்னாள். "அம்மா, கோர்ட்டுதான் கேக்கல, நாமளாவது கேப்போமே!" என்றாள். என் வீட்டுக்காரர் ஜட்ஜ். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் பார்க்கவும் அப்படித்தான் இருப்பார். தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். தினசரிக் காலண்டரில் கிழித்த ஏழு தாள்களையும் கொண்டுவர வேண்டும். குடிக்காத நாளில் அவன் கையெழுத்து, பக்கத்தில் அவன் பெண்டாட்டி கையெழுத்து. வண்டிச் சாவி அவளிடம். லைசென்ஸ் திரும்பி வரும்வரை சம்பளத்துக்கு ஒரு டிரைவர் போட்டோம். நஷ்டம்தான். ஆனால் இனிமேல் அபராதத்துக்கு என்னிடமிருந்து ஒரு பைசா கிடையாது என்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன், அது வேறு.

முதலில் முறைத்தான். "நான் என்னா சின்னப் புள்ளையா?" என்றான். "ஆமாண்டா" என்றேன். இரண்டு வாரம் வரவில்லை. அவன் பெண்டாட்டிதான் தாள்களைக் கொண்டுவந்தாள். மூன்றாம் வாரம் அவனே வந்தான்.

பத்து மாசம் ஒழுங்காகப் போயிற்று. 2025 காணும் பொங்கல் அன்று கூட்டாளிகளோடு போனவன் குடித்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழு தாளில் ஒன்று வெறுமையாக இருந்தது. அவனே அதை எடுத்து மாமா முன்னால் தனியாக வைத்தான். யாரும் திட்டவில்லை. வழுக்குவது இந்த நோயில் சகஜம், மறைப்பதுதான் ஆபத்து என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சாவி மறுபடி ஒரு மாசம் அவளிடம் போனது. டாக்டரையும் மறுபடி பார்த்தோம்.

தோடு இன்னும் அடகிலிருந்து திரும்பவில்லை. வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வருகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வரும்போது ஒரு பை நிறைய வெங்காயம் கொண்டுவந்தான். என் வீட்டுக்காரர் ஊரில் இல்லை, ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். "மாமா இல்லையே, இன்னைக்கு லீவு போல" என்று சிரித்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து தாள்களை எடுத்து எண்ணி என் கையில் கொடுத்தான். "நீ பாருக்கா" என்றான். ஏழும் இருந்தன.